டயர் காற்று: எந்த அறிகுறிக்கு எங்கே கை வைப்பது

என் காரின் இடது பின் டயரில் நான்கு மாதம் விடாமல் காற்று இறங்கியது. திங்கள் காலை 33 பிஎஸ்ஐ (காற்றழுத்த அளவு) வைத்தால் அடுத்த திங்கள் 26 காட்டும். மூன்று பஞ்சர் கடைகளில் சக்கரத்தைக் கழற்றித் தண்ணீர்த் தொட்டியில் அமுக்கிப் பார்த்தார்கள். ஒரு குமிழிகூட வரவில்லை. மூன்றாவது கடையில், "எதுக்கும் இருக்கட்டும்ணே" என்று சொல்லி, ட்ரெட்டில் (டயர் தரையில் படும் பகுதி) ஒரு சந்தேகக் கீறலில் பஞ்சர் திரி ஒன்றை ஏற்றி 150 ரூபாய் வாங்கிக்கொண்டார்கள். காற்று அடுத்த வாரமும் இறங்கியது. கடைசியில் கோளாறு இருந்தது வால்வுத் தண்டின் அடியில், மயிரிழை அளவு வெடிப்பாக. அதைப் பிடித்த விதம் கீழே வருகிறது.

அதன்பிறகு தெருவில் யாருக்கு டயர் தொல்லை என்றாலும் வண்டி என் வாசலில் வந்து நிற்கும். மைத்துனர் வாடகைக்கு ஓட்டும் இரண்டு வண்டிகளும் மாதம் ஒருமுறை வந்துவிடும். இப்படிப் பார்த்ததில் பாதிக்கு மேற்பட்ட வண்டிகளில் டயருக்கு ஒன்றுமே இல்லை. சூடான டயரை அளந்திருப்பார்கள், அல்லது காற்றை அளக்கும் கேஜ் பொய் சொல்லியிருக்கும். ஆகவே எந்த அறிகுறியாக இருந்தாலும் முதலில் அடுத்த பகுதியை முடித்துவிட்டுக் கீழே போங்கள்.

## எல்லாவற்றுக்கும் முன்: உங்கள் எண் எது, எப்போது அளப்பது

ஓட்டுநர் கதவைத் திறந்தால் நடுத்தூணில் ஒரு ஸ்டிக்கர் தெரியும். சில வண்டிகளில் பெட்ரோல் மூடியின் உட்புறம் இருக்கும். முன் டயருக்கு ஒன்று, பின் டயருக்கு ஒன்று, ஆள் குறைவாகப் போகும்போது ஒன்று, முழுச் சுமைக்கு ஒன்று என்று எண்கள் போட்டிருக்கும். டயர் சைஸும் அதிலேயே இருக்கும். உங்கள் டயர் அதே சைஸ் என்றால் அந்த எண்தான் சரியான எண். டயரின் பக்கச்சுவரில் 44 என்றோ 51 என்றோ பார்த்துவிட்டு அதை வைத்தவர்கள் உண்டு. அது அந்த டயர் தாங்கும் உச்ச அளவு. உங்கள் காருக்கு வைக்க வேண்டிய அளவு அல்ல.

ஸ்டிக்கரில் பிஎஸ்ஐ இல்லாமல் வேறு கணக்கு இருந்தால் குழம்ப வேண்டாம். 230 கிலோபாஸ்கல், 2.3 பார், 2.3 கிலோ எல்லாமே ஏறத்தாழ 33 பிஎஸ்ஐதான். கிலோபாஸ்கலை 7 ஆல் வகுத்தால் போதுமான அளவுக்குச் சரியாக வரும்.

அந்த எண் குளிர்ந்த டயருக்கு உரியது. குறைந்தது மூன்று மணி நேரம் நின்ற வண்டி, அல்லது இரண்டு கிலோமீட்டருக்குள் ஓடிய வண்டி. எங்கள் மதுரைக்கு இன்னொன்றும் சேர்க்க வேண்டும்: வெயில் படாத வண்டி. எங்கள் தெருவில் மாலை வெயில் ஒரு பக்கமாக அடிக்கும். சாயங்காலம் அளந்தால் வெயில் பக்க டயர்கள் இரண்டும் நிழல் பக்கத்தைவிட 2, 3 கூடுதலாகக் காட்டும். அதைப் பார்த்துவிட்டு நிழல் பக்கத்தில் காற்று இறங்குகிறது என்று ஒருவர் பஞ்சர் கடைக்கே போய்விட்டு வந்தார். காலை ஆறு மணிக்கு, பால் வாங்கப் போகும் நேரத்தில் அளந்துவிடுங்கள்.

கேஜ் சொந்தமாக ஒன்று வாங்கிக்கொள்ளுங்கள். சில நூறு ரூபாய்தான். வேறு எந்த டயர் சமாசாரத்துக்கும் செலவு செய்யும் முன் இதற்குச் செய்யலாம் என்பது என் கட்சி.

## ஒரே ஒரு டயரில் மட்டும் காற்று இறங்குகிறது

எவ்வளவு வேகமாக இறங்குகிறது என்பதில்தான் பாதி விடை இருக்கிறது. நான்கு டயருக்கும் ஒரே காலையில் காற்று வைத்து, தேதியோடு எழுதிவையுங்கள். அடுத்த நாள் பாருங்கள், ஏழாம் நாள் பாருங்கள்.

### ஒரே இரவில் தரையோடு தரையாகிவிட்டால்

ஆணி, ஸ்க்ரூ, கம்பித் துண்டு. வேறு யோசிக்க வேண்டாம். ஸ்டீயரிங்கை முழுக்கத் திருப்பி வைத்தால் முன் டயரின் ட்ரெட் முழுதும் கண்ணில் படும். பின் டயருக்கு வண்டியை அரை அரைச் சுற்றாக நகர்த்திப் பார்க்க வேண்டும். ஆணி தெரிந்தால் பிடுங்காதீர்கள். ட்யூப்லெஸ் டயரில் அந்த ஆணியேதான் ஓரளவு அடைப்பாகவும் நிற்கிறது. காற்றை நிரப்பி மெல்லப் பக்கத்துக் கடைக்கு ஓட்டிக்கொண்டு போகலாம். பிடுங்கிவிட்டால் அந்த இடத்திலேயே ஜாக்கி போட வேண்டியதுதான்.

காற்று அறவே இல்லாத டயரில் 'கொஞ்ச தூரம்தானே' என்று ஓட்டக் கூடாது. ரிம்முக்கும் தரைக்கும் நடுவில் பக்கச்சுவர் நசுங்கி உள்ளே கிழிந்துவிடும். 100, 150 ரூபாயில் முடிய வேண்டிய பஞ்சர் புது டயர் விலையில் போய் நிற்கும். டயரைக் கழற்றும்போது உள்ளே கறுப்பு ரப்பர் தூள் கொட்டினால் அந்த டயரின் கதை முடிந்தது. கடைக்காரர் "ஓட்டலாம்ணே" என்றாலும் வேண்டாம் என்று சொல்லிவிடுங்கள்.

### வாரத்துக்கு 4 முதல் 8 வரை இறங்கினால்

நான்கு மாதம் என்னை அலைக்கழித்த வகை இது. ஷாம்பு பாக்கெட் ஒன்றை அரைச் சொம்புத் தண்ணீரில் கரைத்துக்கொண்டு, வாசலில் முட்டி போட்டு உட்காருங்கள். டயரில் முழு அளவு காற்று இருக்க வேண்டும். கீழே உள்ள வரிசையிலேயே பாருங்கள்; செலவு ஏறும் வரிசை அதுதான்.

வால்வு பின். மூடியைக் கழற்றி, வால்வு வாயில் நுரையை வைத்துவிட்டு ஒரு நிமிடம் பொறுத்திருங்கள். நுரை மெல்ல உப்பி உடைந்தால் உள்ளே உள்ள பின் தளர்ந்திருக்கிறது, அல்லது அதன் ரப்பர் தேய்ந்திருக்கிறது. முதலில் இறுக்கச் சொல்லுங்கள். அப்படியும் நிற்காவிட்டால் மாற்றிவிடலாம், சில பத்து ரூபாய் வேலை. சில சமயம் மண் துகள் ஒன்று உட்கார்ந்திருக்கும். மூடி இல்லாமல் ஓடும் வண்டிகளில் இதை அடிக்கடி பார்த்திருக்கிறேன். திருமங்கலம் தாண்டி ஏதாவது கிராமத்து மண் ரோட்டில் ஒருமுறை போய் வந்தாலே போதும். எவர்சில்வர் மூடி எல்லாம் வேண்டாம், சாதாரண பிளாஸ்டிக் மூடியே போதும்.

வால்வுத் தண்டு. இங்கேதான் என் கதை. ரப்பர் தண்டு ஐந்தாறு வருடத்தில் வெயிலில் வறண்டு அடிப்பாகம் வெடிக்கும். சக்கரம் சும்மா இருக்கும்போது வெடிப்பு மூடியே இருக்கும்; அதனால்தான் தண்ணீர்த் தொட்டியில் குமிழி வராது. வண்டி ஓடும்போது சுழலும் வேகத்தில் தண்டு வளைந்து, வெடிப்பு வாய் திறக்கும். ஆகவே தண்டின் அடியைச் சுற்றி நுரை பூசிவிட்டு, விரலால் தண்டை நான்கு பக்கமும் மெதுவாக வளைத்துப் பாருங்கள். நான் வெளிப்பக்கமாக வளைத்தபோது சரசரவென்று குமிழி வந்தது. நான்கு மாதத் தேடல் அரை நிமிடத்தில் முடிந்தது. டயரை ரிம்மிலிருந்து பிரித்துத்தான் தண்டை மாற்ற முடியும். புது டயர் போடும்போதெல்லாம் வால்வையும் சேர்த்து மாற்றச் சொன்னால் இந்தத் தொல்லை வராது.

ட்ரெட்டில் முள். சுற்று முழுக்க நுரை பூசி, வண்டியை நகர்த்தி நகர்த்திப் பாருங்கள். நம் பக்கத்தில் ஆணிக்கு அடுத்தபடியாகச் சீமைக்கருவேல முள்தான். புது டயரின் தடித்த ட்ரெட்டை அது எளிதில் துளைக்காது. தேய்ந்த டயரின் பள்ளத்துக்குள் ஏறி, நுனி முறிந்து உள்ளேயே நின்றுவிடும். வெளியே கறுப்புப் புள்ளியாக மட்டும் தெரியும். நிழல் கிடைத்ததே என்று கண்மாய்க் கரையில் கருவேலத்துக்கு அடியில் நிறுத்துவதை நான் விட்டுவிட்டேன்.

பழைய பஞ்சர் ஒட்டு. திரி போட்ட இடத்திலும் நுரை வையுங்கள். திரி சரியாக உட்காராமல் கசிவது சகஜம். உள்ளேயிருந்து காளான் வடிவப் பட்டி வைத்து ஒட்டினால் நெடுநாள் நிற்கும். டயரைப் பிரிக்க வேண்டும் என்பதால் கூலி கூடும்.

ரிம் ஓரம். டயர் ரிம்மில் உட்காரும் விளிம்பு முழுக்க, வெளிப்பக்கமும் உள்பக்கமும் நுரை ஊற்றுங்கள். இரும்பு ரிம்மில் துரு ஏறினால் பொடிப் பொடிக் குமிழியாக வரும். ராமேஸ்வரம் பக்கம் அடிக்கடி போய் வரும் வண்டிகளில் உப்புக்காற்றும் சேர்ந்துகொள்ளும். கடைக்காரரிடம் ரிம் விளிம்பைத் தேய்த்துச் சுத்தம் செய்து, விளிம்புக்கான சீலர் பூசி மாட்டச் சொல்லுங்கள். அலாய் ரிம் என்றால், மழைக்காலத்தில் தெரியாமல் விழுந்த குழி எதையாவது நினைத்துப் பாருங்கள். ரிம் நெளிந்திருக்கலாம், வெடித்திருக்கலாம்.

இந்தக் கட்டத்தில் வீட்டு வைத்தியம் முடிகிறது. நெளிந்த ரிம்மை நிமிர்த்துவது இயந்திரம் வைத்திருக்கும் பட்டறையின் வேலை. வெடித்த அலாயை வெல்டிங் வைத்து ஓட்டலாம் என்பார்கள். நான் ஓட்ட மாட்டேன், மாற்றிவிடுவேன்.

### மாதத்துக்கு 1 அல்லது 2 இறங்கினால்

அது கோளாறே இல்லை. எல்லா டயரிலும் அவ்வளவு இறங்கும்.

## நான்கு டயரிலும் ஒன்றுபோலக் குறைந்திருக்கிறது

கடைசியாக எப்போது அளந்தீர்கள்? மூன்று மாதம் ஆகியிருந்தால் 4, 5 குறைந்திருப்பது இயல்பு. சித்திரைத் திருவிழாவுக்குச் சாலைகளை மறிப்பார்கள், கள்ளழகர் வைகையில் இறங்கி மலைக்குத் திரும்பும்வரை வண்டியை எடுக்காமல் நிறுத்தி வைத்திருப்போம். அதற்குப் பிறகு முதல் வேலை காற்றுப் பார்ப்பது. இரண்டு மூன்று வாரம் அசையாமல் நின்ற வண்டி முதல் சில கிலோமீட்டர் தடதடவென்று ஓடினால் பயப்பட வேண்டாம். தரையில் அழுந்திய இடம் தட்டையாகியிருக்கும், சூடு ஏறியதும் சரியாகும். ஆகாவிட்டால் மட்டும் கடைக்கு.

பெட்ரோல் பங்கில் நேற்றுதான் வைத்தேன், இன்று காலை நான்கிலும் 4 குறைகிறது என்றால், நேற்று வைத்தது சூடான டயரில். மதியம் ஊர் சுற்றிவிட்டு வந்த டயர் 37 காட்டும். அதை 33க்கு இறக்கிவிட்டிருப்பார்கள். ஆறியதும் 29 ஆகிவிட்டது. கசிவு எதுவும் இல்லை.

## ஒவ்வொரு இடத்திலும் வேறு வேறு எண் காட்டுகிறது

கேஜ்கள் ஒன்றுக்கொன்று ஒத்துப்போவது அபூர்வம். காலையில் உங்கள் கேஜில் அளந்துவிட்டு, பக்கத்துப் பங்குக்கு மெதுவாக ஓட்டிப்போய் அங்கே அளந்து பாருங்கள். வித்தியாசம் 1 என்றால் விட்டுவிடலாம். 3, 4 என்றால் இன்னொரு பங்கில் பாருங்கள். இரண்டு கருவிகள் ஒரு பக்கமும் ஒன்று மறுபக்கமும் நின்றால் ஒற்றையாக நிற்பதைத்தான் சந்தேகப்பட வேண்டும், அது உங்களுடையதாகவே இருந்தாலும். எண்ணை அமுக்கிவிட்டால் தானாக நிரப்பிப் பீப் அடிக்கும் மெஷினில், குழாய் வால்வில் நேராக உட்காராமல் கசிந்தால் பீப் வரும், காற்று ஏறியிருக்காது. சத்தம் கேட்டால் குழாயைக் கழற்றி மறுபடி மாட்டச் சொல்லுங்கள். பங்கில் காற்று இலவசம், கேட்பதில் கூச்சம் வேண்டாம்.

இன்னொன்று, கேட்கும் முன்பே "35 வச்சிரவாண்ணே?" என்பார் குழாயைப் பிடித்திருப்பவர். அவருக்கு எல்லா வண்டியும் 35தான். உங்கள் எண்ணை நீங்கள் சொல்லுங்கள்.

### நெடுஞ்சாலையில் போகும்போது ஏறியிருக்கிறது

காலையில் 33 வைத்துக் கிளம்பி, கோவில்பட்டியில் கடலைமிட்டாய் வாங்க நிறுத்தும்போது அளந்தால் 37, 38 காட்டலாம். அது ஓடிய சூடு. வண்டி நிறுவனம் அதையும் கணக்கில் வைத்துத்தான் குளிர்ந்த எண்ணைக் கொடுத்திருக்கிறது. ஒரு சொட்டுக் காற்றைக்கூட இறக்காதீர்கள். சூடான நிலையிலேயே ஸ்டிக்கர் எண்ணுக்குக் குறைவாகக் காட்டினால் மட்டும் கவலைப்பட வேண்டும். உண்மையில் இன்னும் குறைவு என்று அர்த்தம். அப்போது ஸ்டிக்கர் எண்ணுக்கு 3, 4 மேலே வைத்துக்கொண்டு, மறுநாள் காலை ஆறிய டயரில் திருத்திக்கொள்ளலாம்.

### கொடைக்கானலில் எவ்வளவு வைப்பது

வாரக் கடைசியில் அடிக்கடி வரும் கேள்வி. குளிரில் டயர்க் காற்று சுருங்கும், சுமார் 6 டிகிரிக்கு 1 பிஎஸ்ஐ. ஆனால் 2,100 மீட்டர் உயரத்தில் வெளிக்காற்றின் அழுத்தமும் சுமார் 3 பிஎஸ்ஐ குறைந்துவிடும், அதனால் கேஜ் அந்த அளவு கூடுதலாகக் காட்டும். மதுரையில் 35 டிகிரியில் 33 வைத்த டயர், கொடைக்கானலில் 12 டிகிரிக் காலையில் ஏறத்தாழ அதே 33ஐக் காட்டும். ஒன்றை ஒன்று ஈடுகட்டிவிடுகிறது. ஆகவே மேலே போய் எதையும் செய்ய வேண்டாம். வத்தலக்குண்டிலிருந்து மலை ஏறி முடித்த கையோடு அளந்து, 37 இருக்கிறதே என்று இறக்குவதுதான் எல்லோரும் செய்யும் தப்பு. இறங்கிவரும்போது வளைவுகளில் வண்டி அலைவதாகச் சொல்லிக்கொண்டு வருவார்கள்.

## வெயில் காலம், டயர் வெடிக்குமோ என்று பயம்

இது அறிகுறியா என்று கேட்கலாம். ஆனால் கத்திரி வெயில் தொடங்கினால் வாரத்துக்கு இரண்டு பேராவது, "காத்தை 28க்கு இறக்கி வச்சிருக்கேன், வெயில்ல வெடிச்சிரும்ல" என்று வந்து நிற்கிறார்கள். சொல்லிக்கொடுத்தவர் பெரும்பாலும் அனுபவஸ்தராக வேறு இருப்பார், அவரைக் குற்றம் சொல்லவும் மனம் வராது.

நடப்பது நேர்மாறு. காற்றுக் குறைந்த டயரின் பக்கச்சுவர் ஒவ்வொரு சுற்றிலும் அதிகமாக மடங்கி நிமிரும். அந்த மடங்கலில்தான் சூடு பிறக்கிறது. மேலூர் நான்கு வழிச்சாலையில் 100இல், ஐந்து பேரும் சாமான்களுமாக, மே மாத மதியத்தில் 26 பிஎஸ்ஐயோடு போகும் டயர்தான் வெடிக்கும் வரிசையில் முதலில் நிற்கிறது. கோடையிலும் காலையில் அளந்து ஸ்டிக்கர் எண்ணையே வையுங்கள்.

பயம் போகாவிட்டால் பக்கச்சுவரில் நீள்வட்டத்துக்குள் இருக்கும் நான்கு இலக்கத்தைப் பாருங்கள். 2317 என்றால் 2017ஆம் ஆண்டின் 23ஆவது வாரத்தில் செய்த டயர். ட்ரெட் நன்றாக இருந்தாலும் ஆறேழு வருடம் வெயிலில் நின்ற ரப்பரில் நுண் வெடிப்புகள் ஓடியிருக்கும். அந்த டயரைக் கடையில் காட்டுங்கள். காற்றை இறக்குவது அதற்கு மருந்து அல்ல.

நைட்ரஜன் வைத்தால் தேவலையா என்றும் கேட்பார்கள். நாம் விடும் காற்றிலேயே 78 சதவீதம் நைட்ரஜன்தான். காசு கொடுத்து வைப்பதில் தப்பில்லை, ஆனால் அது கிடைக்கும் கடையைத் தேடிக்கொண்டு குறைந்த காற்றோடு ஓட்டுவது தப்பு. நைட்ரஜன் டயரில் சாதாரணக் காற்றைக் கலக்கலாம், ஒன்றும் ஆகாது.

## டயர் ஒரு பக்கம் மட்டும் தேய்கிறது

இரண்டு ஓரமும் தேய்ந்து நடு உயரமாக நின்றால், நெடுநாளாகக் காற்றுக் குறைவு. நடு மட்டும் தேய்ந்து ஓரம் நன்றாக இருந்தால் காற்று அதிகம். 35 அண்ணனின் கைங்கரியம். இரண்டுக்கும் மருந்து ஒன்றுதான்: சரியான எண்ணை வைத்துவிட்டு, போன ரப்பரை மறந்துவிடுவது.

உள் ஓரம் அல்லது வெளி ஓரம் ஒன்று மட்டும் தேய்ந்தால் காற்றால் அல்ல, அலைன்மெண்ட் (சக்கரங்கள் நிற்கும் கோணம்). உள் ஓரத் தேய்மானம் நின்று பார்த்தால் தெரியாது, கையை உள்ளே விட்டுத் தடவித்தான் பார்க்க வேண்டும். ட்ரெட்டின் குறுக்கே உள்ளங்கையை ஒரு திசையில் தடவினால் வழுவழுப்பாகவும் மறுதிசையில் ரம்பம்போலவும் இருந்தால், அதுவும் அலைன்மெண்ட்தான். இங்கே ஒரு எச்சரிக்கை. அலைன்மெண்ட் பார்க்கும் முன் நான்கு டயரிலும் காற்றைச் சரிசெய்தாரா என்று கவனியுங்கள். செய்யாமல் மெஷினில் ஏற்றினால் அந்தக் கணக்கே தப்பு.

சுற்றிலும் இடையிடையே குழிகுழியாகத் தேய்ந்தால் ஷாக் அப்சார்பர் போயிருக்கலாம், அல்லது நெடுநாள் பேலன்சிங் (சக்கரத்தின் எடையைச் சமன் செய்வது) இல்லாமல் ஓடியிருக்கலாம். மெக்கானிக்கிடம் காட்டுங்கள்.

ட்ரெட் பள்ளத்துக்குள் குறுக்கே சின்னச் சின்ன ரப்பர் மேடுகள் இருக்கும், 1.6 மில்லிமீட்டர் உயரத்தில். ட்ரெட் அந்த மேட்டளவு தேய்ந்துவிட்டால் டயர் மொட்டை. ஐப்பசி மழையில் அதோடு வைகைப் பாலம் ஏறாதீர்கள்.

## வண்டி ஒரு பக்கமாக இழுக்கிறது

முதலில் முன் டயர் இரண்டிலும் காற்று ஒன்றுதானா என்று பாருங்கள். 4, 5 வித்தியாசம் இருந்தாலே குறைந்த பக்கம் இழுக்கும். பெரும்பாலானவை இதோடு முடிந்துவிடும்.

சரியாக இருந்தும் இழுத்தால், சாலையைச் சந்தேகியுங்கள். மழைநீர் வழிய நம் சாலைகள் ஓரமாகச் சரிந்திருக்கும், இடதுபக்கம் ஓடும் வண்டி லேசாக இடதுபக்கமே போகும். விரகனூர் ரிங் ரோட்டில் அதிகாலையில் ஆளில்லாத நேரத்தில் வேறு லேனுக்கு மாறிப் பாருங்கள். லேன் மாறினால் இழுப்பும் மாறினால் வண்டிக்கு ஒன்றுமில்லை.

எந்த லேனிலும் இழுத்தால், முன் டயர்கள் இரண்டையும் இடம் மாற்றி மாட்டுங்கள். பக்கச்சுவரில் சுழலும் திசைக்கு அம்புக்குறி போட்ட டயர் என்றால் இந்தச் சோதனை வேண்டாம். இழுப்பு மறுபக்கத்துக்குப் போனால் குற்றவாளி டயர். போகாவிட்டால் அலைன்மெண்ட். பிரேக் அழுத்தும்போது மட்டும் இழுத்தால் டயர் பக்கமே போக வேண்டாம், பிரேக்கைத் திறந்து பார்க்க வேண்டும். அது மெக்கானிக் வேலை, தள்ளிப்போடவும் கூடாது.

## ஒரு சக்கரம் மட்டும் சூடாகிறது

நெடுந்தூரம் ஓடி நிறுத்தியதும் நான்கு சக்கரத்துக்கும் அருகில் புறங்கையை நீட்டிப் பாருங்கள். தொட வேண்டாம், சுடும். ஒன்று மட்டும் தனியாக அனல் அடித்தால் முதலில் அதில் காற்றைப் பாருங்கள். காற்று சரி, ஆனாலும் அனல், கூடவே கருகல் வாடை என்றால் பிரேக் பிடித்தபடியே ஓடுகிறது. அங்கேயே நிறுத்தி ஆறவிட்டு, பக்கத்துப் பட்டறைக்கு மெதுவாகப் போங்கள். ஊர் வந்து பார்த்துக்கொள்ளலாம் என்று நினைக்க வேண்டாம்.

## சின்னப் பள்ளத்துக்கே தூக்கிப் போடுகிறது, அல்லது படகு மாதிரி ஆடுகிறது

தூக்கிப் போட்டால் காற்று அதிகம். ஆடினால் குறைவு, அல்லது சுமைக்குப் போதவில்லை. குலதெய்வம் கோயிலுக்குப் பொங்கல் பானை, விறகு, அரிசி மூட்டையோடு ஐந்து பேர் கிளம்பும்போது ஸ்டிக்கரின் முழுச் சுமை எண்ணை வைக்க வேண்டும். அது பெரும்பாலும் பின் டயருக்குத்தான் கூடும். திரும்பி வந்ததும் மறக்காமல் பழைய எண்ணுக்கு இறக்குங்கள், மறுநாள் காலையில். இரண்டு எண்ணும் சரியாக இருந்தும் ஆட்டம் நிற்காவிட்டால் ஷாக் அப்சார்பர்.

## 80ஐத் தாண்டினால் ஸ்டீயரிங் நடுங்குகிறது

காற்று, அப்புறம் ரிம்மின் உட்பக்கம் ஒட்டிய சேறு, அப்புறம் பேலன்சிங். உழவு நேரத்தில் வயல்காட்டுப் பக்கம் போய்வந்த வண்டியில் இரண்டாவதே பல தடவை காரணம். ஒரு வாளித் தண்ணீரில் தீர்ந்தது.

## மஞ்சள் விளக்கு எரிகிறது

குதிரை லாட வடிவத்துக்குள் ஆச்சரியக்குறி. டிபிஎம்எஸ் (டயர் காற்றைக் கண்காணிக்கும் கருவி) உள்ள வண்டிகளில் வரும். எரியும் விதத்தைக் கவனியுங்கள்.

வண்டியை எடுத்ததும் ஒரு நிமிடம்போல் மினுக்கி, அப்புறம் நிலையாக எரிந்தால் பொதுவாகக் காற்றுப் பிரச்சினை இல்லை, சென்சார் பிரச்சினை. சென்சாருக்குள் இருக்கும் பேட்டரி தீர்ந்திருக்கலாம். பெரும்பாலும் அதைத் தனியாக மாற்ற முடியாது, சென்சாரையே மாற்ற வேண்டும். பஞ்சர் அடைக்கும் திரவம் ஊற்றியிருந்தால் அதுவும் சென்சாரை அடைத்திருக்கலாம். இது சர்வீஸ் சென்டர் வேலை.

மினுக்காமல் நேராக எரிந்தால் காற்றுக் குறைவு. நான்கையும் அளந்து சரிசெய்யுங்கள். சரிசெய்தும் விளக்கு அணையாவிட்டால் உங்கள் வண்டியில் ரீசெட் செய்ய வேண்டியிருக்கும். சில வண்டிகளில் டயருக்குள் சென்சாரே கிடையாது; சக்கரம் சுழலும் வேகத்தை வைத்துக் கணிப்பவை அவை. ஒவ்வொரு முறை காற்று வைத்த பிறகும் ரீசெட் கொடுக்காவிட்டால் அவை குழம்பும். வழி வண்டியோடு வந்த கையேட்டில் இருக்கும். விளக்கு எரியவில்லை என்பதால் காற்று சரி என்று எடுத்துக்கொள்ளாதீர்கள். நன்றாகக் குறைந்த பிறகுதான் அது எரியும்.

## பக்கச்சுவரில் வீக்கம் அல்லது வெட்டு

சோதனை எதுவும் இல்லை. எலுமிச்சம்பழம்போல ஒரு புடைப்பு தெரிந்தால் உள்ளே நூல் அறுந்துவிட்டது. அளவு சின்னதாக இருந்தாலும் அந்த டயரைக் கழற்றி ஸ்டெப்னி போடுங்கள். பக்கச்சுவர்ப் பஞ்சரும் அப்படியே. ஒட்டித் தருகிறேன் என்று யார் சொன்னாலும் கேட்காதீர்கள். ஒட்டு நிற்கும் இடம் ட்ரெட் மட்டும்தான், அதிலும் ஓட்டை 6 மில்லிமீட்டருக்குள் இருக்க வேண்டும்.

## ஸ்டெப்னியை எடுத்தால் அதிலும் காற்றில்லை

நத்தம் சாலையில் இரவு பத்து மணிக்கு மைத்துனருக்கு நடந்தது. ஸ்டெப்னியில் 12 இருந்தது. அதோடு இருபது கிலோமீட்டர் வேகத்தில் ஊர்ந்து ஊர்ந்து ஒரு பங்கைப் பிடித்தார். மாதம் ஒருமுறை அளக்கும்போது ஐந்தாவதையும் சேர்த்து அளந்து, முழுச் சுமை எண்ணுக்கு 2 கூடுதலாக வைத்துவிடுங்கள்.

ஒல்லியான தற்காலிக ஸ்டெப்னி என்றால், அதன் சைஸ் டி என்ற எழுத்தில் தொடங்கினால், அதற்குப் பெரும்பாலும் 60 பிஎஸ்ஐ. 33 வைத்து ஓட்டுபவர்கள் நிறைய. அதன் மேலேயே அளவும், 80 கிலோமீட்டர் வேக வரம்பும் போட்டிருக்கும்.

ஸ்டெப்னி இருக்கிறதா என்பதையே ஒருமுறை பார்த்துக்கொள்ளுங்கள். ட்யூப்லெஸ் டயர், டிபிஎம்எஸ், பஞ்சர் கிட் மூன்றும் இருந்தால் ஸ்டெப்னி இல்லாமலும் கார் விற்கலாம் என்று 2020இல் விதி திருத்தினார்கள். அப்படிப்பட்ட வண்டியில் டிக்கியைத் தூக்கினால் கிட் மட்டும்தான் இருக்கும். அதிலுள்ள திரவப் பாட்டிலுக்கும் காலாவதித் தேதி உண்டு.

ஸ்டெப்னி மாட்டி ஐம்பது கிலோமீட்டர் ஓடிய பிறகு ஒருமுறை நிறுத்தி, வீல் ஸ்பேனரால் நட்டுகளை எதிரெதிராக மறுபடி இறுக்குங்கள்.